சேர்வராயன் மலையும் ஒரு துகள் கடிகாரமும்: ஹோமி பாபாவின் கதை



ரிலேட்டிவிட்டின்னு சொன்ன உடனே நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் வர்றது இன்டர்ஸ்டெல்லார் படம். அந்தக் கிரகத்தில் ஒரு மணி நேரம் இருந்துட்டு வந்தா வெளியே ஏழு வருஷம் ஓடியிருக்கும். ஹோமி பாபான்னு சொன்னா ஞாபகம் வர்றது பொது அறிவுப் புத்தகத்தில் படிச்ச ஒரே ஒரு வரி: இந்திய அணுசக்தியின் தந்தை. ஐன்ஸ்டீனையும் பாபாவையும் ஒரே பாடத்தில் சேர்த்துப் படிச்சதா எனக்கு ஞாபகம் இல்ல.

ஆனா சேர்த்துப் படிக்க வேண்டியவங்கதான். வேகமா ஓடுற கடிகாரம் மெதுவா நடக்கும்னு ஐன்ஸ்டீன் 1905-ல் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை நேரடியா சோதிக்கணும்னா, ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுற ஒரு கடிகாரம் வேணும். அப்படி ஒண்ணை யார் செய்றது? செய்யவே வேண்டாம், அது வானத்திலிருந்து தானாகவே விழுந்துக்கிட்டு இருக்குன்னு 1938-ல் எழுதினவர் பாபா. அப்போ அவருக்கு வயசு 28.

அந்த பாபாவின் கதைதான் இந்தக் கட்டுரை. நடுவில் நம்ம ஏற்காடும் வரும், கொஞ்சம் சில்லறைக் காசும் தேவைப்படும்.

மெக்கானிக்கல் சேர்ந்த பையன்

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில் பிறந்தார். வசதியான பார்சி குடும்பம். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அப்பா வக்கீல். அத்தை மெஹர்பாயைக் கல்யாணம் செய்தவர் டோராப்ஜி டாடா, அதாவது ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன். வீட்டில் பெரிய நூலகம், கிராமபோன், மேற்கத்திய இசைத் தட்டுகள். பையனுக்கு ஓவியத்தில் நல்ல கை. கடைசி வரைக்கும் வரைவதை அவர் விடவே இல்ல.

இப்படி ஒரு வீட்டில் பையன் என்ன படிக்கணும்னு முன்கூட்டியே முடிவாகியிருக்கும் இல்லையா? ஆகியிருந்தது. கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு வந்து, ஜாம்ஷெட்பூரில் இருக்கிற டாடா ஸ்டீல் ஆலையில் பொறுப்பேற்கணும். அப்பாவும் மாமாவும் போட்ட திட்டம் இது. 1927-ல் பாபா கேம்பிரிட்ஜ் போய் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

அவர் போய்ச் சேர்ந்த நேரம் அப்படி. அடுத்த வருஷமே, அதே கேம்பிரிட்ஜில், பால் டிராக் தன்னுடைய புகழ்பெற்ற சமன்பாட்டை வெளியிட்டார். எலக்ட்ரானுக்கு குவான்டம் விதியையும் ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியலையும் ஒண்ணாப் பொருத்தின சமன்பாடு அது. இன்னொரு விஷயம், டிராக் முதலில் படிச்சது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். பக்கத்து வகுப்பில் இப்படி எல்லாம் நடக்கும்போது, கொதிகலன், பாலம், இன்ஜின் வரைபடம்னு உட்கார்ந்திருக்க ஒரு 18 வயசுப் பையனுக்கு எப்படி மனசு வரும்?

1928-ல் பாபா அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிசினஸும் இன்ஜினியர் வேலையும் தனக்கு ஒத்துவராது, இயற்பியல்தான் தன் வழி, அதில் தன்னால் பெரிசா ஏதாவது செய்ய முடியும்னு அதில் ஒளிவுமறைவு இல்லாம சொன்னார். பெரிய கம்பெனிக்குத் தலைவர் ஆகணும்கிற ஆசை தனக்குத் துளியும் இல்லைன்னும் எழுதினார்.

அப்பா கோபப்படலை, உடனே சரின்னும் சொல்லலை. ஒரு டீல் போட்டார். முதலில் மெக்கானிக்கலை ஃபர்ஸ்ட் கிளாஸில் முடி. முடிச்சா, இன்னும் ரெண்டு வருஷம் கேம்பிரிட்ஜிலேயே இருந்து கணிதம் படிக்க நான் பணம் தரேன். பாபா 1930-ல் மெக்கானிக்கலில் ஃபர்ஸ்ட் கிளாஸ். 1932-ல் கணிதத்திலும் ஃபர்ஸ்ட் கிளாஸ். அப்புறம் அவரை யாரும் ஜாம்ஷெட்பூருக்குக் கூப்பிடலை.

பஸ்ஸுக்குள் ஒரு ஒளிக் கடிகாரம்

பாபா என்ன செய்தார்னு புரிய, ஐன்ஸ்டீன் என்ன சொன்னார்னு முதலில் பார்த்துடலாம். இன்டர்ஸ்டெல்லாரில் வர்றது ஈர்ப்பு விசையால் காலம் மெதுவாகும் கதை. அது பொதுச் சார்பியல், 1915-ல் வந்தது. நமக்கு இப்போ வேண்டியது 1905-ல் வந்த சிறப்புச் சார்பியல். அதில் வேகம் மட்டும்தான் விஷயம்.

அடிப்படை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போறவங்க எல்லாருக்கும் இயற்பியல் விதிகள் ஒரே மாதிரிதான் இருக்கும். ரெண்டு, ஒளியின் வேகத்தை யார் அளந்தாலும் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர்தான் வரும். அளக்கிறவர் நின்னாலும் ஓடினாலும் அது மாறாது.

ஐன்ஸ்டீன் சாதாரண மக்களுக்காக எழுதின புத்தகத்தில் ரயிலை வெச்சு விளக்கினார். நாம பஸ்ஸை எடுத்துக்குவோம். சேலம் - ஏற்காடு பஸ் இதுக்கு ஆகாது, ஏன்னா 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, நேர்கோடும் இல்ல, ஒரே வேகமும் இல்ல. அதனால ஓமலூர் பக்கம் நாலு வழிச் சாலையில் நேரா போற பஸ்ஸா வெச்சுக்குங்க.

பஸ்ஸுக்குள்ள நீங்க ஒரு பந்தை மேலே போட்டுப் பிடிக்கிறீங்க. உங்களுக்கு அது நேரா மேலே போய் நேரா கீழே வருது. ரோட்டோரம் டீக்கடையில் நிக்கிறவருக்கு அப்படித் தெரியாது. பந்து மேலே போற நேரத்தில் பஸ்ஸும் முன்னாடி போயிடுது. அதனால அவருக்கு அந்தப் பாதை சாய்வாத் தெரியும், நீளமும் அதிகம்.

இப்போ பந்துக்குப் பதிலா ஒளி. பஸ்ஸின் தரையில் ஒரு விளக்கு, கூரையில் ஒரு கண்ணாடி. ஒளி தரையிலிருந்து கூரைக்குப் போறது ஒரு டிக். இதுதான் நம்ம கடிகாரம். நோட்டை எடுத்து ஒரு செங்கோண முக்கோணம் வரைங்க. உயரம் 4 செ.மீ., அது பஸ்ஸின் கூரை. அடிப்பக்கம் 3 செ.மீ., அந்த ஒரு டிக் நேரத்தில் பஸ் போன தூரம். சாய்ந்த பக்கம் எவ்வளவு? ஏழாம் வகுப்புப் பையன்கூட 5-ன்னு சொல்லிடுவான்.

பஸ்ஸில் இருக்கிறவருக்கு ஒளி போன தூரம் 4. டீக்கடைக்காரருக்கு 5. பந்தா இருந்தா, பஸ்ஸின் வேகமும் சேர்ந்து பந்தின் வேகமும் கூடிடும், கணக்கு சரியாயிடும். ஒளிக்கு அந்தச் சலுகை இல்ல, ரெண்டு பேருக்கும் ஒரே வேகம்தான். தூரம் வேற, வேகம் ஒண்ணுன்னா நேரம்தான் மாறியாகணும். டீக்கடைக்காரரின் வாட்ச்சில் 5 நொடி ஓடும்போது பஸ்ஸின் கடிகாரத்தில் 4 நொடிதான் ஓடியிருக்கும். இதுதான் கால நீட்சி. பித்தாகரஸைத் தாண்டி இதில் எதுவும் இல்ல.

ஒரே சிக்கல், இந்தப் படத்தில் நம்ம பஸ் ஒளி வேகத்தில் அஞ்சில் மூணு பங்கு வேகத்தில் போகுது. நிஜ பஸ் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு வருஷம் முழுக்க நிக்காம ஓடினாலும், கடிகாரம் பின்தங்கறது ஒரு நொடியில் 2 கோடியில் ஒரு பங்குதான். 1905-ல் இருந்த எந்தக் கடிகாரத்தாலும் இதைப் பிடிக்க முடியாது. அதனால சார்பியல் பாடம் ரொம்ப காலம் ரயில், லிஃப்ட், மின்னல்னு சிந்தனைச் சோதனையாவே நடந்தது. சரியான பாடம்தான். ஆனா கேக்கிற மாணவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும். இதெல்லாம் நிஜமா நடக்குதா, இல்ல பேப்பரில் மட்டும்தானா?

வானத்திலிருந்து விழும் கடிகாரங்கள்

பாபா ஆராய்ச்சிக்குள் வந்த காலத்தில் சூடான விஷயம் காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து வர்ற அதிவேகத் துகள்கள் மேல் வளிமண்டலத்தில் மோதி, புதுத் துகள்களை மழை மாதிரி கொட்டும். இன்னிக்கு இருக்கிற மாதிரி பெரிய துகள் முடுக்கிகள் அப்போ கிடையாது. அதிவேகத் துகள் வேணும்னா வானத்தைத்தான் நம்பியிருக்கணும்.

பாபா ஜூரிச்சில் பவுலி, ரோமில் ஃபெர்மி, கோபன்ஹேகனில் போர்னு அந்தக் கால ஜாம்பவான்கள் எல்லாரிடமும் போய் வேலை பார்த்தார். 1935-ல் டாக்டர் பட்டம். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதினா எப்படிச் சிதறும்னு டிராக் சமன்பாட்டை வெச்சு அவர் போட்ட கணக்குக்கு இன்னிக்கும் பாபா சிதறல்னுதான் பேர். எலக்ட்ரான் - பாசிட்ரான் மோதல் இயந்திரங்களில், எத்தனை மோதல் நடக்குதுன்னு அளக்க அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துறாங்க.

1937-ல் வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து இன்னொரு முக்கியமான வேலை. வானத்தில் ஒரு எலக்ட்ரான் எப்படி ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, கடைசியில் பெரிய பொழிவா மாறுதுன்னு விளக்கினார்கள். ஆனா இந்தப் பொழிவு கனமான ஈயத் தகட்டைத் தாண்டாது. காஸ்மிக் கதிர்களில் ஒரு பகுதியோ ஈயத்தைத் துளைச்சுக்கிட்டு சாதாரணமா வெளியே வந்தது. அப்போ அது எலக்ட்ரான் இல்ல, வேற ஏதோ. அதே சமயத்தில் அமெரிக்காவில் ஆண்டர்சனும் நெடர்மேயரும், எலக்ட்ரானை விட எடை அதிகமான, புரோட்டானை விட எடை குறைவான ஒரு புதுத் துகளைக் கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கு நாம மியூவான்னு சொல்றது அதைத்தான். எலக்ட்ரானைப் போல சுமார் 207 மடங்கு எடை.

அந்தத் துகளுக்கு ஆளாளுக்கு ஒரு பேர் வெச்சாங்க. அதில் ஒண்ணு மீசோட்ரான். நடுவில்னு அர்த்தம் தர்ற கிரேக்கச் சொல்லில் அந்த ட்ர எழுத்துக்கு வேலையே இல்ல, மீசான்னு சொன்னா போதும்னு பாபா 1939-ல் எழுதினார். மீசான் என்கிற சொல் இன்னிக்கு ஒரு துகள் குடும்பத்தின் பேரா நிலைச்சிருக்கு. வேடிக்கை என்னன்னா, பின்னாடி பார்த்தப்போ மியூவான் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லைன்னு ஆயிடுச்சு.

1938 ஜனவரியில் நேச்சர் இதழில் பாபாவின் சின்னக் குறிப்பு ஒண்ணு வந்தது. இந்த மாதிரி துகள் நிலையா இருக்காது, பிறந்த கொஞ்ச நேரத்தில் சிதைஞ்சு போயிடும்னு ஜப்பானின் யுகாவா சொன்ன கருத்தை ஒட்டி எழுதினது. அதில் வர்ற சில வரிகள்தான் நம்ம கதைக்கு முக்கியம். தானா சிதையும் துகளை ஒரு கடிகாரமா எடுத்துக்கலாம். அப்படின்னா, அது வேகமா ஓடும்போது அதன் ஆயுள் நீளணும். அதை அளந்தா ஐன்ஸ்டீன் சொன்னதை நேரடியா சோதிச்ச மாதிரி. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்.

முள்ளு இல்ல, பல்சக்கரம் இல்ல. ஆனா கடிகாரம்தான்.

ஏற்காட்டில் ஆயிரம், சேலத்தில் எத்தனை?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. வித்தியாசம் 1,200 மீட்டர்னு வெச்சுக்குவோம். இது சிந்தனைச் சோதனைதான், ஆனா கணக்கு நிஜம்.

மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. அரை ஆயுள் சுமார் 1.5 மைக்ரோநொடி. அதாவது ஆயிரம் மியூவானை நிறுத்தி வெச்சா, 1.5 மைக்ரோநொடியில் 500, இன்னொரு 1.5-ல் 250, இப்படிக் குறையும்.

ஒளி வேகத்தில் 99.5 சதவீத வேகத்தில் வர்ற ஆயிரம் மியூவான் ஏற்காட்டைக் கடந்து கீழே இறங்குதுன்னு வெச்சுக்குங்க. 1,200 மீட்டரைக் கடக்க 4 மைக்ரோநொடி ஆகும். சேலத்தில் எத்தனை பிழைச்சிருக்கும்?

கால நீட்சின்னு ஒண்ணு இல்லைன்னா, 4 மைக்ரோநொடின்னா ரெண்டரை அரை ஆயுளுக்கும் மேல. சேலம் வந்து சேர்றது சுமார் 160.

கால நீட்சி உண்மைன்னா, 99.5 சதவீத வேகத்தில் அந்தக் காரணி 10. நம்ம வாட்ச்சில் 4 மைக்ரோநொடி ஓடும்போது மியூவானின் கடிகாரத்தில் 0.4 மைக்ரோநொடிதான். சாகறதுக்கு நேரமே இல்ல. வழியில் காற்று கொஞ்சம் வேகத்தைக் குறைச்சாலும் 800-க்கு மேல வந்து சேரும்.

160-ஆ, 800-ஆ? இந்த இடைவெளியை அளக்க நுணுக்கமான கருவி வேண்டாம். எண்ணத் தெரிஞ்சா போதும்.

இதைக் கண்ணால பார்க்கணுமா? ஹாஸ்டல் ரூமில் 64 ஒரு ரூபாய் காசு சேருங்க. கிடைக்கலைன்னா புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்ச்சு வெச்சுக்கலாம். எல்லாத்தையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்க. தலை விழுந்தது எல்லாம் செத்துப்போன மியூவான், எடுத்துடுங்க. ஒரு தடவை கொட்டுறது ஒரு அரை ஆயுள். முதல் தடவையில் சுமார் 32 மிஞ்சும், ரெண்டாவதில் 16, மூணாவதில் 8. கால நீட்சி இல்லாத உலகத்தில் சேலம் இருக்கிறது ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவில். கால நீட்சி இருக்கிற உலகத்தில், ஒரு தடவை கொட்டுற நேரத்தில் கால்வாசி ஓடுறதுக்குள்ள மியூவான் சேலம் வந்துடும். 64-ல் 50-க்கு மேல மிஞ்சும். நண்பர்களுக்கு ரிலேட்டிவிட்டி சொல்லிக் கொடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியலை.

சரி, மியூவான் மேல உட்கார்ந்து பார்த்தா எப்படி இருக்கும்? அதன் கடிகாரம் அதுக்குச் சரியாத்தான் ஓடும், 2.2 மைக்ரோநொடி ஆயுள்தான். ஆனா அதுக்கு மலைதான் வேகமா எதிரே ஓடி வருது. அதனால மலையின் உயரம் பத்தில் ஒரு பங்கா சுருங்கிடும். 1,200 மீட்டர் வெறும் 120 மீட்டராத் தெரியும். சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு வெச்சா வர்ற உயரத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். நமக்குக் காலம் நீளுது, அதுக்கு நீளம் சுருங்குது. ரெண்டு பேரும் சேலத்தில் எண்ணும்போது வர்ற எண்ணிக்கை ஒண்ணுதான்.

எண்ணிப் பார்த்தவர்கள்

இந்தச் சோதனையைச் செய்தது பாபா இல்ல. 1941-ல் அமெரிக்காவில் புரூனோ ரோஸியும் டேவிட் ஹாலும், டென்வர் நகரத்திலும் பக்கத்து மலையில் இருக்கிற எக்கோ லேக்கிலும் மியூவான்களை அளந்தாங்க. ரெண்டு இடத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,600 மீட்டர். வேகமான மியூவான் மெதுவாச் சிதையுது, மெதுவான மியூவான் சீக்கிரம் சிதையுதுன்னு, சார்பியல் கணக்குக்கு ஒத்து வந்தது. ரோஸி முசோலினியின் யூத விரோதச் சட்டத்தால் இத்தாலியை விட்டு வந்தவர்.

பாடம் நடத்துறதுக்கு ஏத்த மாதிரி அதைச் செய்தது 1963-ல். டேவிட் ஃபிரிஷும் ஜேம்ஸ் ஸ்மித்தும் அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், கருவியை வெச்சாங்க. குறிப்பிட்ட வேகத்தில் வர்ற மியூவான்களை மட்டும் வடிகட்ட மேலே இரும்புக் கட்டிகளை அடுக்கினாங்க. உள்ளே நிக்கிற ஒவ்வொரு மியூவானும் எவ்வளவு நேரத்தில் சிதையுதுன்னு ஆசிலோஸ்கோப் திரையில் பார்த்தாங்க. நின்ன மியூவானுக்கு அதே 2.2 மைக்ரோநொடிதான். உச்சியில் மணிக்கு 563 எண்ணினாங்க. அப்புறம் அதே கருவியைக் கடல் மட்டத்துக்குக் கொண்டு வந்தாங்க. கால நீட்சி இல்லைன்னா 30-க்கும் குறைவாத்தான் வந்திருக்கணும். வந்தது 408.

இந்தச் சோதனை முழுசையும் மாணவர்களுக்காகவே படமா எடுத்தாங்க. உலகம் முழுக்க இயற்பியல் வகுப்புகளில் ஓடின கருப்பு வெள்ளைப் படம் அது. இன்னிக்கும் சார்பியல் பாடத்தில் கால நீட்சிக்கு முதல் உதாரணம் மியூவான்தான். துகளைக் கடிகாரமா பார்க்கலாம்னு ஆரம்பத்திலேயே சொன்ன பாபாவின் பேரை அந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்ல.

லீவுக்கு வந்தவர் திரும்பிப் போகலை

1939-ல் பாபா விடுமுறைக்கு இந்தியா வந்திருந்தார். ஐரோப்பாவில் போர் வெடிச்சது. திரும்பிப் போக வழி இல்லாம, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அப்போ இயற்பியல் துறையின் தலைவர் யார் தெரியுமா? நம்ம சர் சி.வி.ராமன். 1941-ல், 31 வயசில், பாபா லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

பெங்களூரில் அவர் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்குன்னு ஒரு பிரிவு தொடங்கினார். போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படை விமானத்தில் கருவிகளை ஏற்றி, 30,000 அடி உயரம் வரைக்கும் துளைத்துச் செல்லும் துகள்களை எண்ணினார்கள். கேம்பிரிட்ஜில் பேனாவும் பேப்பருமா இருந்தவர் இங்கே வந்து கருவி கட்டுற வேலையிலும் இறங்கினார். மெக்கானிக்கல் படிச்சது வீண் போகலைன்னு எனக்குத் தோணும்.

போர் முடியும் நேரத்தில் வெளிநாட்டிலிருந்து அழைப்புகள் வந்தன. அவர் அதற்குப் பதிலா 1944 மார்ச்சில் டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர்தர அடிப்படை ஆராய்ச்சிக்கு இந்தியாவிலேயே ஒரு நிறுவனம் வேணும், நாளைக்கு நிபுணர் தேவைப்படும்போது வெளியே தேடக் கூடாதுன்னு. 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கி, அதே வருஷக் கடைசியில் பம்பாய்க்கு, பாபாவின் அத்தை பங்களாவுக்கு மாறினது.

அங்கிருந்து அவர் ஆட்களை மலைக்கு மேலயும் பூமிக்குக் கீழயும் அனுப்பினார். இளைஞர் பி.வி.ஸ்ரீகண்டன் கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கி, எவ்வளவு ஆழம் வரைக்கும் மியூவான் வருதுன்னு அளந்தார். ஆமா, அந்த கே.ஜி.எஃப்.தான். தலைமுறை தலைமுறையா நம்ம தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கின அதே சுரங்கம். 1965-ல் அங்கே ரெண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைப் பிடிச்சாங்க. உலகத்தில் அந்தத் தடத்தை முதன்முதலில் பார்த்த ரெண்டு இடங்களில் அது ஒண்ணு, இன்னொண்ணு தென்னாப்பிரிக்கா.

1950-களில் ஊட்டியிலும் காஸ்மிக் கதிர் ஆய்வகம் தொடங்கினது. அதன் தொடர்ச்சியா இன்னிக்கு அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 இருக்கு. அதில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே போன ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததுன்னு, மியூவான் எண்ணிக்கை குறைஞ்சதை வெச்சே கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டாங்க.

அணுசக்தியும் மோன் பிளாங்கும்

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும், வேகமா சொல்லிடறேன். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவர். 1955-ல் ஜெனீவாவில் அணுசக்தியை அமைதிக்குப் பயன்படுத்துவது பற்றிய ஐ.நா. மாநாட்டுக்குத் தலைமை. 1956 ஆகஸ்ட் 4 அன்று டிராம்பேயில் அப்சரா அணு உலை. நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிற மாதிரி தோரியத்தை நம்பி அவர் போட்ட மூணு கட்டத் திட்டம். இதெல்லாம் சரியா தப்பான்னு கூடங்குளம் வரைக்கும் இன்னும் வாதம் நடக்குது. அது தனிக் கட்டுரை.

ஆனா இதுக்கு அவர் ஒரு விலை கொடுத்தார். 1950-களின் நடுப்பகுதிக்கு அப்புறம் அவருடைய சொந்த ஆராய்ச்சி கிட்டத்தட்ட நின்னு போச்சு. பெரிய கம்பெனிக்குத் தலைவர் ஆக விருப்பம் இல்லைன்னு 18 வயசில் அப்பாவுக்கு எழுதின பையன், கடைசியில் டாடா ஸ்டீலை விடச் சிக்கலான ஒரு நிர்வாகத்தைத்தான் தலையில் சுமந்தார். வித்தியாசம், இது அவரே தேர்ந்தெடுத்த சுமை.

1966 ஜனவரி 24. வியன்னாவுக்குப் போய்க்கிட்டிருந்த பாபா பயணம் செய்த ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா விமானம் ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையில் மோதினது. விமானத்தில் இருந்த 117 பேரும் இறந்தாங்க. அவருக்கு வயசு 56. யூடியூபில் சுத்துற சதிக் கதைகளை விட்டுடலாம். விமானி தான் இருக்கும் இடத்தைத் தப்பாக் கணிச்சு, மலையைத் தாண்டிட்டோம்னு நினைச்சு இறக்கினார்னுதான் விசாரணையில் சொன்னாங்க.

ஃபைனல் இயர் மக்களுக்கு

இது பிளேஸ்மென்ட் சீசன். நம்மில் சில பேருக்கு கோடிங் டெஸ்ட்டுக்கு நடுவில் இயற்பியல் வீடியோ பார்க்கிற பழக்கம் இருக்கு, எனக்கும் இருக்கு. பாபாவைப் பார்த்து ஆஃபர் லெட்டரைக் கிழிச்சுப் போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ரெண்டாவது டிகிரிக்குப் பணம் தர ஒரு அப்பா இருந்தார். நம்மில் நிறைய பேருக்கு எஜுகேஷன் லோன் இருக்கு. அந்த வித்தியாசத்தை மறைச்சுட்டு அவர் கதையைச் சொல்றது நியாயம் இல்ல.

ஆனா அவர் பிடிக்காத டிகிரியையும் ஃபர்ஸ்ட் கிளாஸில் முடிச்சுக் காட்டித்தான் பிடிச்சதைக் கேட்டார். அது காசு இல்லாதவங்களாலும் முடியும். பி.இ. முடிச்சவங்க இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போக ஜெஸ்ட், கேட் இயற்பியல் தாள், டாடா நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுன்னு வழிகள் இருக்கு. தகுதி விவரத்தை அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்குங்க.

வேலைக்கே போறவங்களுக்கும் ஒரு யோசனை. உங்க உள்ளங்கையை நீட்டினா நொடிக்கு ஒண்ணு ரெண்டு மியூவான் அதைத் துளைச்சுக்கிட்டுப் போகுது. எம்.ஐ.டி. வெளியிட்ட காஸ்மிக் வாட்ச்னு ஒரு திறந்த வடிவமைப்பு இருக்கு. ஒரு துண்டு சின்டிலேட்டர் பிளாஸ்டிக், ஒரு சிலிக்கான் ஒளி உணரி, ஒரு ஆர்டுயினோ. ஈ.சி.இ. மக்களுக்கு இது ஒரு செமஸ்டர் மினி பிராஜெக்ட். அதை வெச்சு சேலத்தில் ஒரு நாள், ஏற்காட்டில் ஒரு நாள் எண்ணினா, மேலே அதிகமா கீழே குறைவா வரும். அது மட்டுமே கால நீட்சியை நிரூபிக்காது. மெக்கானிக்கல் மக்கள் இரும்பு அடுக்கி ஒரே வேக மியூவானை வடிகட்டி, ஈ.சி.இ. மக்கள் அது சிதையும் நேரத்தையும் அளந்தாத்தான் ஃபிரிஷ், ஸ்மித் செய்த சோதனை ஆகும்.

யாராவது இறங்குறதா இருந்தா சொல்லுங்க, கருவியைத் தூக்கிக்கிட்டு 20 வளைவும் ஏற நானும் வரேன். அதுவரைக்கும் 64 காசை எண்ணிப் பார்த்துட்டு, மூணு தடவை கொட்டினதில் உங்களுக்கு எத்தனை மிஞ்சினதுன்னு எழுதுங்க.